லினக்ஸுக்கு டிஸ்க்கைப் பிரிப்பது: எத்தனை பார்ட்டிஷன், எவ்வளவு ஜிபி?

கேட்டவரின் நிலைமை இது. லேப்டாப்பில் 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கூடவே 1 டிபி ஹார்டு டிஸ்க், 16 ஜிபி ரேம். கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸ் 11 இருந்தே தீர வேண்டும். மிச்ச இடத்தில் லினக்ஸ் மின்ட் போட்டு, அதில் டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) ஓட்டப் போகிறார். சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்ட்ரோ (மின்ட், உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) மாற்றிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. ரூட் (சிஸ்டம்), ஹோம் (பயனரின் ஃபைல்கள்), வார் (லாக், செயலிகளின் டேட்டா), யூஎஸ்ஆர் (புரோகிராம்கள்), டெம்ப் (தற்காலிக ஃபைல்கள்), பூட் (கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையம், இருக்கும் இடம்), ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்) என்று ஏழாகப் பிரிக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். ஒன்றே போதும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை (மெஷின் எழும்போது முதலில் படிக்கும் சிறு பகுதி) அப்படியே பயன்படுத்துங்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். ரூட்டுக்கு 120 ஜிபி. எஸ்எஸ்டியில் மிஞ்சுவது முழுவதும் ஹோமுக்கு. ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் வேண்டாம், ஃபைல் போதும். ஹார்டு டிஸ்க்கில் 250 ஜிபி அளவுக்கு ஒரு எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) பகுதி, மிச்சம் என்டிஎஃப்எஸ்ஸாகவே (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) இருக்கட்டும். இனி காரணங்கள். உங்கள் மெஷின் வேறு மாதிரி இருந்தால் எண்களை விட்டுவிட்டுக் காரணங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாகப் பிரிக்கச் சொல்லும் நண்பர் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. அவர் சொல்வதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. யூஎஸ்ஆர் தனியாகப் போனது 1970களின் தொடக்கத்தில், பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11 மெஷினில் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தபோது. அப்போதைய டிஸ்க் ஓரிரு மெகாபைட்தான் கொள்ளும். சிஸ்டம் வளர்ந்து முதல் டிஸ்க் நிறைந்ததும், வழிந்த புரோகிராம்களை இரண்டாவது டிஸ்க்கில் வைத்தார்கள். பயனர்களின் ஃபோல்டர்கள் இருந்த டிஸ்க் அது. யூஎஸ்ஆர் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பிரிவு கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு அப்படியே நீடித்தது. 2012-இல் ஃபெடோரா 17, ‘பின்’, ‘லிப்’ என்ற ஃபோல்டர்களை (புரோகிராம்களும் லைப்ரரிகளும் இருப்பவை) யூஎஸ்ஆருக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்தது. பிறகு டெபியனும் உபுண்டுவும் அதே வழிக்கு வந்தன. இன்றைக்கு யூஎஸ்ஆரை ரூட்டிலிருந்து பிரிப்பதால் கிடைப்பது தொல்லை மட்டும்தான்.

பூட் கதையும் இப்படித்தான். பழைய பயாஸால் (மெஷினை எழுப்பும் ஃபர்ம்வேர், அதாவது போர்டிலேயே பதிந்த மென்பொருள்) டிஸ்க்கின் முதல் 1024 சிலிண்டருக்கு அப்பால் படிக்க முடியாது. கெர்னல் அந்த எல்லையைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டால் மெஷின் எழவே எழாது. ஆகவே டிஸ்க்கின் தொடக்கத்திலேயே சின்னதாக ஒரு பூட் பார்ட்டிஷன் போட்டார்கள். அந்த எல்லை போய் வெகுகாலம் ஆகிறது, பழக்கம்தான் போகவில்லை. ரேமைப் போல இரண்டு மடங்கு ஸ்வாப் என்ற கணக்கும், ரேமை மெகாபைட்டில் எண்ணிய நாட்களின் மிச்சம்.

ஆக, ஒரு பார்ட்டிஷன் போடுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சுவர் எதைத் தடுக்கப் போகிறது? சரியான பதில்கள் அதிகம் இல்லை. ஃபர்ம்வேர் கேட்கிறது, அதனால் இஎஃப்ஐ. ஓஎஸ்ஸை அழித்து மறுபடி போடும்போது என் ஃபைல்கள் தப்ப வேண்டும், அதனால் ஹோம். லாக் பெருத்து சிஸ்டத்தை நிறுத்திவிடக் கூடாது, அதனால் சர்வரில் வார். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யப் போகிறேன், ஆனால் பூட்லோடர் (ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் புரோகிராம்) முதலில் எதையாவது படித்தாக வேண்டும், அதனால் பூட். இந்தப் பகுதியிலிருந்து புரோகிராம் எதுவும் ஓடக் கூடாது என்று மவுண்ட் செய்யும்போதே (சிஸ்டத்தோடு இணைக்கும்போதே) தடுக்க வேண்டும், அதனால் டெம்ப். “எல்லாரும் போடுகிறார்கள்” என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை என்றால் அந்தச் சுவர் வேண்டாம்.

ஏனென்றால் சுவருக்கு விலை உண்டு, அந்த விலை காலி இடம். 30 ஜிபி ரூட் நிரம்பி அப்டேட் பாதியில் நின்றிருக்கும். பக்கத்து ஹோமில் 200 ஜிபி சும்மா கிடக்கும். வீட்டு மெஷின்களில் பார்ட்டிஷன் பற்றி வரும் புலம்பலில் முக்கால்வாசி இதுதான். ரூட்டுக்கு 20, 30 ஜிபி தாராளம் என்ற அறிவுரை பத்து, பதினைந்து வருடம் முன்பு சரியாக இருந்தது. இப்போது ஃபிளாட்பேக் (எல்லா டிஸ்ட்ரோவுக்கும் பொதுவான பேக்கேஜ் முறை) செயலிகள் வாருக்குள் போய் உட்காருகின்றன, ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய ரன்டைமை (ஓடத் தேவையான துணை ஃபைல்களை) இழுத்துக்கொண்டு வரும். அதே போன்ற உபுண்டுவின் ஸ்னாப்பும் வாருக்குள்தான். டாக்கர் இமேஜும் வால்யூமும் (அதன் செயலிகளும் டேட்டாவும்) வாருக்குள் லிப் ஃபோல்டரில். சிஸ்டம்டியின் (லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்) ஜர்னல், அதாவது லாக், தடுக்காவிட்டால், அந்த ஃபைல் சிஸ்டத்தில் பத்து சதவீதம் வரை, உச்சமாக 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். மின்டில் டைம்ஷிஃப்டை (சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் கருவி) வேறு இடம் காட்டாமல் இயக்கிவிட்டால் அதன் ஸ்னாப்ஷாட்டும் (அப்போதைய நிலையின் நகல்) ரூட்டில்தான் குவியும். மின்ட் திட்டமே குறைந்தது 20 ஜிபி, 100 ஜிபி இருந்தால் நல்லது என்கிறது. டாக்கர் ஓடும் மெஷினில் நான் 120 என்று சொன்னது தாராளமல்ல, நியாயமான அளவு.

இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை வலப்பக்கம் (டிஸ்க்கின் கடைசியை நோக்கி) நீட்டுவது எளிது, மவுண்ட் ஆகியிருக்கும்போதே வளரும். ஆனால் ரூட்டுக்கு வலப்புறம் ஹோம் உட்கார்ந்திருந்தால், முதலில் ஹோமைச் சுருக்கி, அதன் தொடக்கத்தையே நகர்த்தியாக வேண்டும். அதற்கு லைவ் யூஎஸ்பியில் (யூஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸில்) ஏறி ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியில் செய்ய வேண்டும். இருக்கும் டேட்டா முழுவதையும் அது இடம் மாற்றி எழுதும், மணிக்கணக்கில் ஆகும், நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. அதனால் இடப்பக்கம் இருப்பதைத் தாராளமாகவும், வளரப் போவதைக் கடைசியிலும் வையுங்கள். கிளவுட் சர்வர் இமேஜ்கள் பலவற்றில் ரூட் டிஸ்க்கின் கடைசியில் இருப்பதும் இதற்காகத்தான்: டிஸ்க்கைப் பெரிதாக்கினால் அடுத்த பூட்டில் அது தானே நீண்டுகொள்ளும்.

ஹோமைப் பிரிப்பதா வேண்டாமா என்று இதே கேள்வியை டிஸ்ட்ரோ மாற்றாத ஒருவர் கேட்டிருந்தால், பிரிக்காதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரே ரூட், ஒழுங்கான பேக்கப்; அது போதும். நீங்கள் மாற்றுபவர் என்பதால் உங்களுக்கு ஹோம் சுவர் பயன்படும். புது டிஸ்ட்ரோ போடும்போது ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்து, ஹோமை அப்படியே மவுண்ட் செய்துகொள்ளலாம்.

ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, பலரும் இதைச் சொல்வதில்லை. ஹோமில் இருப்பது உங்கள் போட்டோவும் டாக்குமென்டும் மட்டுமில்லை. புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்களில் ஒவ்வொரு செயலியின் அமைப்பும் இருக்கிறது. சின்னமன் டெஸ்க்டாப்பின் அமைப்போடு போய் கேடிஈ என்ற வேறு டெஸ்க்டாப்பில் ஏறினால் தீம், ஐகான், எழுத்துரு எல்லாம் கலந்து ஒரு மாதிரி இருக்கும். புதிய பதிப்பு ஃபயர்ஃபாக்ஸ் தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து அப்படி. இரண்டு டிஸ்ட்ரோவை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஹோமைப் பகிர்ந்தால் இந்தச் சண்டை தினமும் நடக்கும்.

இதற்கு எளிய வழி: புதிய டிஸ்ட்ரோவில் வேறு யூசர் பெயர் கொடுங்கள். ஹோம் பார்ட்டிஷனுக்குள் புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாகும், பழையது பக்கத்திலேயே இருக்கும். டாக்குமென்ட், படங்கள், பிராஜெக்ட் ஃபோல்டர்களை மட்டும் அங்கிருந்து இங்கே நகர்த்துங்கள். ஒரே பார்ட்டிஷனுக்குள் நகர்த்துவதால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஃபைல்களின் உரிமை பற்றியும் பெரும்பாலும் கவலை வேண்டாம்: கெர்னல் பார்ப்பது யூசரின் பெயரை அல்ல, எண்ணை. டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாமே முதல் யூசருக்கு 1000 என்ற எண்ணைத்தான் தருகின்றன.

ஹோம் தனியாக இருப்பதை யாரும் பேக்கப் என்று நினைத்துவிட வேண்டாம். எஸ்எஸ்டி செத்தால் சுவருக்கு இந்தப்பக்கம் இருப்பதும் அந்தப்பக்கம் இருப்பதும் ஒன்றாகத்தான் போகும்.

இனி விண்டோஸ் பக்கம். 512 ஜிபி எஸ்எஸ்டி கணினியில் 476 என்றுதான் தெரியும். கம்பெனி ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. அதில் 180 விண்டோஸுக்கு விட்டால் கணக்கு மென்பொருளுக்குப் போதும். மீதி ஏறக்குறைய 290. அதில் 120 ரூட், 170 ஹோம்.

சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள், லினக்ஸ் இன்ஸ்டாலரில் வேண்டாம். தொடங்குமுன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) ரெக்கவரி கீயை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில், நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும். பூட் அமைப்பு மாறியது என்று தெரிந்ததும் அது அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக ஷட்டவுன் ஆகாமல் பாதித் தூக்கத்தில் நிற்கும், லினக்ஸிலிருந்து என்டிஎஃப்எஸ் பகுதியில் எழுத முடியாது. 200 ஜிபி காலி இருந்தும் 60-தான் சுருக்க முடியும் என்று காட்டினால், நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ நடுவில் இருக்கிறது. ஹைபர்நேட்டையும் (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ரீஸ்டோரையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயன்றால் பெரும்பாலும் வழிவிடும். லினக்ஸ் இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தென்படவில்லை என்றால் டிஸ்க் பழுதாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். இன்டெல் லேப்டாப்களில் ஃபர்ம்வேரில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி (இன்டெலின் டிஸ்க் நிர்வாக முறைகள்) இயக்கத்தில் இருப்பதே பொதுவான காரணம். அதை நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமைத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் 100 எம்பி, சில கம்பெனி லேப்டாப்களில் 260 எம்பி. மின்ட், உபுண்டு, ஃபெடோராவுக்கு இது போதும், ஏனென்றால் கிரப் (இவற்றின் பூட்லோடர்) அங்கே வைப்பது சில எம்பிதான். கெர்னல் வேறு இடத்தில், பூட் ஃபோல்டரில் இருக்கும். பாப் ஓஎஸ் கதை வேறு. அது சிஸ்டம்டி-பூட் என்ற பூட்லோடரைப் பயன்படுத்துகிறது, கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (கெர்னல் தொடங்கத் தேவையான ஃபைல் தொகுப்பு) இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள்ளேயே வைக்கும். அங்கே 100 எம்பி எந்த மூலைக்கு? அப்படி ஒன்றைப் போட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால், காலி இடத்தின் தொடக்கத்திலேயே 1 ஜிபிக்கு இன்னொரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டுவிடுங்கள். டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி முறையில் இருப்பதால் பழைய எம்பிஆர் போல நான்கு பிரைமரிதான் என்ற கட்டுப்பாடு இங்கே கிடையாது. வழக்கமாக 128 வரை போடலாம். இந்த எஸ்எஸ்டி ஏற்கெனவே ஜிபிடியாகத்தான் இருக்கும், விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐயில் அதைத்தான் கேட்கும்.

பூட்டைத் தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை, கிரப் எக்ஸ்ட்4-ஐ நேரடியாகப் படிக்கும். ரூட்டை லக்ஸ் (லினக்ஸின் என்கிரிப்ஷன் முறை) கொண்டு என்கிரிப்ட் செய்தால் மட்டும் தனி பூட் போடுங்கள், அப்போதும் 1 ஜிபிக்குக் குறையாமல். இரண்டு மூன்று பழைய கெர்னல்கள் சேர்ந்தாலே சின்ன பூட் நிரம்பிவிடும். அடுத்த கெர்னல் அப்டேட் பாதியில் நிற்கும். உபுண்டுவில் என்கிரிப்ட் செய்து போட்டவர்கள் பல வருடம் பட்ட பாடு இது.

ஸ்வாப் ஃபைலை மின்ட் தானே உருவாக்கிக்கொள்ளும். உபுண்டு 17.04-இலிருந்தே இப்படித்தான், ஃபெடோரா 33-இலிருந்து ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ராமுக்குப் போய்விட்டது. லேப்டாப்பை மூடி ஹைபர்நேட் செய்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குத்தான் ரேம் அளவுக்கு, இங்கே 16 ஜிபிக்கு, தனி ஸ்வாப் பார்ட்டிஷன் வசதி. செக்யூர் பூட் (கையொப்பமுள்ள பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் ஃபர்ம்வேர் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் பொதுவான டிஸ்ட்ரோக்களில் கெர்னல் ஹைபர்நேட்டையே தடுத்துவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிஆர்எஃப்எஸ் (இன்னொரு லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்) போடலாமே, அதில் ரூட்டுக்கும் ஹோமுக்கும் இடம் பொதுவாயிற்றே என்று யாராவது சொல்வார்கள். சொல்வது நியாயம். ஒரே பார்ட்டிஷனுக்குள் இரண்டு சப்வால்யூம், காலி இடம் இரண்டுக்கும் பொது, ஸ்னாப்ஷாட் நொடியில் எடுக்கலாம். ஃபெடோரா ஒர்க்ஸ்டேஷன் 2020-இலிருந்து இதைத்தான் இயல்பாகத் தருகிறது, ஓபன்சூசே அதற்கும் முன்பிருந்தே. ஒரு டிஸ்ட்ரோவோடு வாழ்க்கையை ஓட்டுபவர்களுக்கு நானே இதைச் சொல்வேன். மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு மட்டும் கொஞ்சம் சிக்கல்: உபுண்டு வழி வந்தவை சப்வால்யூமுக்கு அட் (@) குறியிட்டுப் பெயர் வைக்கின்றன, ஃபெடோரா ரூட், ஹோம் என்றே வைக்கிறது, உபுண்டுவின் முறையில் பெயர் இல்லாவிட்டால் டைம்ஷிஃப்டின் பிடிஆர்எஃப்எஸ் வழி வேலை செய்யாது. உங்களுக்கு எக்ஸ்ட்4 நிம்மதி. எக்ஸ்எஃப்எஸ் நல்ல ஃபைல் சிஸ்டம், ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7-ஆம் பதிப்பிலிருந்து அதையே இயல்பாக வைத்திருக்கிறது. ஆனால் அதை வளர்க்கலாம், சுருக்க முடியாது. டிஸ்க் பகிர்வை மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு அது ஒத்துவராது.

ஹார்டு டிஸ்க்கில் 250 ஜிபி எக்ஸ்ட்4 கேட்டது டைம்ஷிஃப்டுக்காக. அது ஸ்னாப்ஷாட்டை லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில்தான் வைக்கும், என்டிஎஃப்எஸ்ஸை ஏற்காது. ஹோமின் பேக்கப்பும் அதிலேயே போகட்டும். எக்ஸ்ட்4 ஐந்து சதவீத இடத்தை ரூட் யூசருக்கு (சிஸ்டம் நிர்வாகிக்கு) ஒதுக்கி வைக்கும். ரூட் பார்ட்டிஷனில் அது தேவை, டிஸ்க் நிறைந்தாலும் உள்ளே நுழைந்து சரிசெய்ய வழி இருக்கும். வெறும் பேக்கப் பகுதியில் அது 12 ஜிபி வீண். டியூன்2எஃப்எஸ் கட்டளையால் ஒரு சதவீதமாக்கிவிடலாம். எஃப்எஸ்டேபில் (எந்தப் பகுதி எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) இந்த டிஸ்க்கை எழுதும்போது எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரைப் போடாமல் யூயூஐடியை (அந்தப் பகுதிக்கே உரிய அடையாள எண்) போடுங்கள், நோஃபெயில் என்ற சொல்லையும் சேருங்கள். அது இல்லாவிட்டால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிய நாளில் மெஷின் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

சர்வர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஏழு பார்ட்டிஷன் நண்பருக்கு நியாயம் செய்ய வேண்டும். பலர் உள்ளே வந்து போகும் சர்வரில் அவர் சொல்வதில் பாதி சரி. அங்கே வார், வார் லாக் (வாருக்குள் இருக்கும் லாக் ஃபோல்டர்), டெம்ப், ஹோம் எல்லாம் பிரிந்திருக்க வேண்டும் என்று சிஐஎஸ் என்ற அமைப்பின் பாதுகாப்பு வழிகாட்டிகளே சொல்கின்றன. ஒரு செயலி பைத்தியம் பிடித்து இரவெல்லாம் லாக் எழுதினாலும் வார் லாக் மட்டும் நிறையும், டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அங்கே கல் சுவர் கட்டுவதில்லை, எல்விஎம் (அளவை எளிதில் மாற்றக்கூடிய பார்ட்டிஷன் முறை) போடுவார்கள். எல்விஎம்மில் முக்கியமான நுணுக்கம், இருக்கும் இடத்தை முழுக்கப் பங்கு போட்டுவிடாமல் இருப்பது: ஒவ்வொன்றுக்கும் இன்றைய தேவைக்கு மேல் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வால்யூம் குரூப்பில் (எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தொகுப்பில்) காலியாகவே விடுங்கள். எது நெருக்குகிறதோ அதை ஓடிக்கொண்டிருக்கும்போதே நீட்டலாம். பெரிய டிஸ்க்கில் உபுண்டு சர்வரை இயல்பு அமைப்பில் போட்டுவிட்டு, ரூட் 100 ஜிபிதானே இருக்கிறது, மிச்சம் எங்கே என்று திகைப்பவர்கள் உண்டு. எங்கேயும் போகவில்லை, இந்தக் காரணத்துக்காக இன்ஸ்டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறது.

மின்ட் இன்ஸ்டாலரில் “சம்திங் எல்ஸ்” என்ற கடைசித் தேர்வை எடுங்கள், மேலே சொன்ன லினக்ஸ் பார்ட்டிஷன்களை அதற்குள்தான் போட முடியும். அந்தத் திரையில் டிஸ்க்கின் பெயரைப் பாருங்கள்: என்விஎம்இ என்று தொடங்குவது எஸ்எஸ்டி, எஸ்டி என்று தொடங்குவதில் ஹார்டு டிஸ்க்கும் இருக்கும், நீங்கள் செருகியிருக்கும் யூஎஸ்பியும் இருக்கும். அளவை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பூட்லோடர் எங்கே என்று கீழே கேட்கும் இடத்தில் எஸ்எஸ்டி இருக்கட்டும். இன்ஸ்டால் பொத்தானை அழுத்தியதும், எவையெல்லாம் ஃபார்மட் ஆகப் போகின்றன என்று ஒரு சிறு பட்டியல் வரும். அதில் ரூட், ஹோம், ஹார்டு டிஸ்க்கின் புதிய எக்ஸ்ட்4 பகுதி (புதிதாக இன்னொரு இஎஃப்ஐ போட்டிருந்தால் அதுவும்) மட்டும் இருக்க வேண்டும், அடுத்த முறை டிஸ்ட்ரோ மாற்றும்போது ரூட் ஒன்று மட்டும். பட்டியலில் என்டிஎஃப்எஸ் பகுதியோ, விண்டோஸின் இஎஃப்ஐயோ தென்பட்டால் ‘கோ பேக்’ அழுத்துங்கள். அந்த நொடி வரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்பட்டிருக்காது.